பீல்ட் மார்ஷல் வரை: இராணுவத் தரங்களை வாசிக்கப் பழகுவோம்

இலங்கை இராணுவத்தில் ஆகக் கூடிய தரம் எது? ஆகக் கூடிய பதவி எது? போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் இரண்டுக்கும் ஒரே விடையை எழுதுகிறார்கள். விடைகள் வேறு வேறு. ஆகக் கூடிய தரம் பீல்ட் மார்ஷல்; இதுவரை ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. ஆகக் கூடிய பதவி இராணுவத் தளபதி. அதில் இருப்பவர் வழக்கமாக லெப்டினன்ட் ஜெனரல், அதாவது பீல்ட் மார்ஷலுக்கு இரண்டு படி கீழே. படையை நடத்துபவர் இந்தக் கீழ்ப்படியில் நிற்பவர்தான். பீல்ட் மார்ஷலின் கட்டளையில் ஒரு பிளாட்டூன்கூட இல்லை.

வன்னியில் பிரிகேடியர், மேஜர் ஜெனரல் என்ற சொற்களைக் கேட்காமல் வளர்ந்தவர் கிடையாது. செய்தியில் வருகிறது, திறப்பு விழாக் கல்வெட்டில் வருகிறது, காணி விடுவிப்புப் பேச்சில் வருகிறது. ஆனால் எது மேலே, எது கீழே, அந்தப் பெயருக்குப் பின்னால் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை எவரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. தெரியாமல் இருப்பதால் நட்டப்படுவது நாங்கள்தான். முடிவெடுக்க முடியாதவரிடம் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்.

தரம், பதவி, கௌரவம்

முதலில் இந்த மூன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும். தரம் ஆளோடு போவது. வவுனியாவில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் மேஜர் ஜெனரல் மேஜர் ஜெனரல்தான். பதவி இடத்தோடு நிற்பது. இன்ன படைப்பிரிவின் கட்டளைத் தளபதி என்ற நாற்காலி அங்கேயே இருக்கும், ஆட்கள் மாறுவார்கள். பாடசாலையை வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். ஒருவர் அதிபர் சேவையில் முதலாம் தரத்தில் இருப்பார், ஆனால் வலயக் கல்வி அலுவலகத்தில் இணைப்பில் இருப்பதால் எந்தப் பாடசாலைக்கும் அதிபர் அல்ல. அடுத்த கிராமத்தில் மூன்றாம் தரத்தவர் ஒருவர் பாடசாலையை முழுதாக நடத்திக்கொண்டிருப்பார். கையெழுத்துப் போடும் அதிகாரம் இரண்டாமவரிடம்.

மூன்றாவது கௌரவம். சில தரங்கள் வேலைக்காகக் கொடுக்கப்படுவதில்லை. செய்து முடித்த ஒன்றுக்காக அரசு சொல்லும் நன்றி அவை. பீல்ட் மார்ஷல் இன்று பெரும்பாலான நாடுகளில் அந்த வகைதான். பிரான்ஸில் இதைச் சட்டப்படியே தனியாக வைத்திருக்கிறார்கள்: அங்கே மார்ஷல் என்பது தரமே அல்ல, அரசு அளிக்கும் ஒரு சிறப்பு நிலை.

தோளில் உள்ள நட்சத்திரமும் வாகனத்தில் உள்ள நட்சத்திரமும்

ஜனாதிபதியின் நியமன ஆணை பெற்ற அதிகாரிகளின் ஏணி கீழிருந்து இப்படிப் போகிறது: இரண்டாம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர், லெப்டினன்ட் கேணல், கேணல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல், பீல்ட் மார்ஷல். மொத்தம் 11 படி. சோதனைச் சாவடியில் நாம் நாளாந்தம் கண்ட லான்ஸ் கோப்ரல், கோப்ரல், சார்ஜன்ட் எல்லாரும் இந்த ஏணிக்கு வெளியே, ஆணை பெறாத வரிசையில் வருபவர்கள்.

தோளில் இருக்கும் சின்னம் பிரித்தானிய முறையிலிருந்து வந்தது. ஒரு நட்சத்திரம் என்றால் இரண்டாம் லெப்டினன்ட், இரண்டு என்றால் லெப்டினன்ட், மூன்று என்றால் கப்டன். மேஜருக்கு நட்சத்திரம் கிடையாது. அரச இலச்சினை மட்டும். பழைய நாளில் அந்த இடத்தில் பிரித்தானிய முடி இருந்தது, 1972இல் நாடு குடியரசானதும் இலச்சினை வந்தது. லெப்டினன்ட் கேணலுக்கு இலச்சினையும் ஒரு நட்சத்திரமும், கேணலுக்கு இலச்சினையும் இரண்டும், பிரிகேடியருக்கு இலச்சினையும் மூன்றும். அதற்கு மேலே போனால் படம் மாறுகிறது: வாளும் கோலும் குறுக்காக வரும். அதனோடு ஒரு நட்சத்திரம் இருந்தால் மேஜர் ஜெனரல், இலச்சினை இருந்தால் லெப்டினன்ட் ஜெனரல், இலச்சினையும் நட்சத்திரமும் இருந்தால் ஜெனரல். பீல்ட் மார்ஷலுக்கு வாள் இல்லை. இலைவளையத்துக்குள் இரண்டு கோல்கள் குறுக்காக இருக்கும், மேலே இலச்சினை. சீருடைக் கழுத்துப்பட்டியில் சிவப்புத் துண்டு தெரிந்தால் அவர் கேணல் அல்லது அதற்கு மேல்.

ஆட்கள் வழுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. ‘மூன்று நட்சத்திர அதிகாரி’ என்று செய்தியில் வந்தால் அவர் கப்டன் அல்ல, லெப்டினன்ட் ஜெனரல். தோளில் உள்ள நட்சத்திரக் கணக்கு வேறு, உலக நாடுகள் தங்கள் அதிகாரிகளை ஒப்பிடப் பயன்படுத்தும் நட்சத்திரக் கணக்கு வேறு. இரண்டாவது கணக்கு அமெரிக்க வழக்கத்திலிருந்து பரவியது. அதில் பிரிகேடியர் 1, மேஜர் ஜெனரல் 2, லெப்டினன்ட் ஜெனரல் 3, ஜெனரல் 4, பீல்ட் மார்ஷல் 5. ஏ9 வீதியில் தொடரணி போகும்போது வாகனத்தின் முன்தகட்டில் தெரிவது இந்த இரண்டாவது கணக்குத்தான். தகட்டில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் உள்ளே மேஜர் ஜெனரல். தோளில் இரண்டு நட்சத்திரம் மட்டும் இருந்தால் அவர் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளான இளம் லெப்டினன்ட். இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொரு பாதி லெப்டினன்ட் ஜெனரலில் இருக்கிறது. மேஜர் லெப்டினன்டுக்கு மேல். அப்படியிருக்க மேஜர் ஜெனரல் ஏன் லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழ்? பழைய ஐரோப்பியப் படைகளில் மூன்றாம் இடத்தில் நின்றவர் சார்ஜன்ட் மேஜர் ஜெனரல். ஜெனரலுக்கு அடுத்து அவருடைய இடத்தில் நிற்பவர் லெப்டினன்ட் ஜெனரல். காலப்போக்கில் நீளமான பெயரின் முன்பகுதி உதிர்ந்து மேஜர் ஜெனரல் மட்டும் மிஞ்சியது. வரிசை மாறவில்லை.

எத்தனை பேருக்கு எந்தத் தரம்

தரங்களின் எடை, கீழே நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையில்தான் தெரியும். ஏறத்தாழ 30 பேர் கொண்ட பிளாட்டூனை லெப்டினன்ட் நடத்துவார். 3 பிளாட்டூன் சேர்ந்த கம்பனியை, அதாவது 100 பேர் அளவை, மேஜரோ கப்டனோ நடத்துவார். 600 முதல் 800 பேர் கொண்ட பட்டாலியன் லெப்டினன்ட் கேணலுடையது. 3 பட்டாலியன் சேர்ந்தால் பிரிகேட், அதற்குப் பிரிகேடியர். 3 பிரிகேட் சேர்ந்தால் டிவிசன், அதற்கு மேஜர் ஜெனரல். டிவிசன்கள் சேர்ந்த கோருக்கு லெப்டினன்ட் ஜெனரல். இது புத்தகக் கணக்கு. நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் கூடும் குறையும்.

வன்னி மண்ணிலேயே இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்கலாம். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், பண்டார வன்னியனைத் தோற்கடித்த இடம் என்று ஆங்கிலேயர் நட்ட கல்லில் இருக்கும் பெயர் கப்டன் வொன் டிரிபேர்க். திகதி 1803 ஒக்டோபர் 31. ஒரு கப்டனின் பெயர் கல்லில் ஏறும் அளவுக்கு அன்றைய படைகள் சிறியவை.

1987இல் இந்திய அமைதிப்படை வந்தபோது அதே வன்னிக்குக் கட்டளை வந்த பாதை முற்றிலும் வேறு. டெல்லியில் தரைப்படைத் தளபதி ஜெனரல் சுந்தர்ஜி, 4 நட்சத்திரம். அவருக்குக் கீழே ஒட்டுமொத்தப் படைத் தளபதியாக லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங், 3 நட்சத்திரம். களத்தில் 54ஆவது டிவிசனோடு வந்திறங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், 2 நட்சத்திரம். ஏணியின் மூன்று படிகளும் ஒரே நேரத்தில் தெரிந்த காலம் அது. பிறகு லெப்டினன்ட் ஜெனரல் அமர்ஜித் சிங் கல்கட் பொறுப்பெடுத்தார். 1990 மார்ச்சில் படை திரும்பியது.

2008-2009 காலத்தில் புத்தகக் கணக்கு பொருந்தாமல் போனதையும் கவனிக்க வேண்டும். வவுனியாவிலிருந்த வன்னிப் பாதுகாப்புப் படைத் தலைமையகத்தை நடத்தியவர் மேஜர் ஜெனரல் ஜகத் ஜயசூரிய. அதே காலத்தில் வன்னியில் முன்னேறிய 53ஆவது, 58ஆவது டிவிசன்களை நடத்தியவர்கள் பிரிகேடியர்கள்: கமல் குணரத்ன, சவேந்திர சில்வா. டிவிசனுக்கு மேஜர் ஜெனரல் என்றல்லவா சொன்னோம்? படை வேகமாகப் பெருகும்போது இப்படித்தான் நடக்கும். புதிய டிவிசன்கள் சில மாதங்களில் முளைத்துவிடும். அதிகாரிகளின் பதவி உயர்வு மூப்பு, வெற்றிடம், அனுமதி என்று மெதுவாக நகரும். எனவே கீழ்த்தரத்தவர் மேற்பதவியில் அமர்த்தப்படுவார். 2009க்குப் பிறகு அவர்கள் ஒவ்வொருவராக ஏறியதைப் பார்த்தால் ஏணி எப்படி இயங்குகிறது என்பது புரியும். ஜயசூரிய 2009 யூலையில் இராணுவத் தளபதியாகி லெப்டினன்ட் ஜெனரல் ஆனார், 2013இல் பாதுகாப்புப் படைகளின் பிரதானியாகி ஜெனரல் ஆனார். சவேந்திர சில்வா 2019 ஓகஸ்டில் இராணுவத் தளபதி, லெப்டினன்ட் ஜெனரல். 2020 டிசெம்பரில் ஜெனரல். அதே நாளில் கமல் குணரத்னவும் ஜெனரல் ஆக்கப்பட்டார். அவர் அப்போது ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். வகித்த பதவியோ பாதுகாப்புச் செயலாளர் என்ற சிவில் பதவி.

பாதுகாப்புப் படைகளின் பிரதானி என்ற பதவியைப் பற்றி ஒரு வரி. 2009ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதை வரையறுத்தது. முப்படைகளையும் இணைக்கும் வேலை அது. 4 நட்சத்திரம் இருந்தாலும், வீதியில் நிற்கும் சிப்பாய்க்கான கட்டளை அந்தந்தப் படையின் தளபதியிடமிருந்துதான் வரும்.

பதில் தரம், அதாவது தற்காலிகமாகக் கொடுக்கும் தரம் என்றும் ஒன்று உண்டு. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரித்தானியக் கடற்படை அதிகாரி மவுண்ட்பேட்டன். 1944இல் தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்து அங்கிருந்து நடத்தியபோது அவர் அணிந்திருந்தது அட்மிரல் தரம். நிரந்தரப் பதிவிலோ அவர் கடற்படைக் கப்டன் மட்டும். போர் முடிந்ததும் தற்காலிகப் படி கழன்றுவிட்டது. ரியர் அட்மிரல் என்ற கீழ்ப்படிக்கு இறங்கி, இந்தியாவின் வைஸ்ராயாக இருந்துவிட்டு வந்தபின்னும் ரியர் அட்மிரலாகவே ஒரு கப்பற்படையணியை நடத்தினார். 5 நட்சத்திர அட்மிரல் ஒஃப் த ஃப்ளீட் தரம் அவருக்கு 1956இல்தான் வந்தது.

கடலிலும் வானிலும்

கடற்படையின் கப்டன் தரைப்படையின் கேணலுக்குச் சமம். தரைப்படைக் கப்டனுக்குச் சமமானவர் கடற்படை லெப்டினன்ட். இதை மறந்தால் கடற்படை அதிகாரியை மூன்று படி குறைத்து எடைபோட்டுவிடுவோம். மேலே கொமடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல், அட்மிரல் ஒஃப் த ஃப்ளீட். விமானப்படையில் எயார் கொமடோர், எயார் வைஸ் மார்ஷல், எயார் மார்ஷல், எயார் சீஃப் மார்ஷல், மார்ஷல் ஒஃப் த எயார் ஃபோஸ். எயார் மார்ஷல் என்று கேட்டவுடன் பீல்ட் மார்ஷலுக்கு நிகர் என்று எண்ணக் கூடாது. அவர் லெப்டினன்ட் ஜெனரலுக்கு நிகர், 3 நட்சத்திரம்.

ஐந்தாவது நட்சத்திரம்

பிரித்தானியாவில் பீல்ட் மார்ஷல் தரம் 1736இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில் தொடங்கியது. சிவப்பு வெல்வெட் சுற்றிப் பொற்சிங்கங்கள் பதித்த கோல் ஒன்று கையில் கொடுக்கப்படும். அந்தக் கோலின் வரலாறுதான் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தது. பீல்ட் மார்ஷல் ஓய்வுபெறுவதில்லை என்பது மரபு. சாகும்வரை சேவைப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும். 1990களின் நடுப்பகுதியோடு பிரித்தானியா இந்தத் தரத்தை வழக்கமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அதன்பின் அரச குடும்பத்தவருக்கும் ஓய்வுபெற்ற சிலருக்கும் கௌரவமாகக் கொடுத்திருக்கிறது.

அமெரிக்கா 5 நட்சத்திரத்தை உண்டாக்கிய காரணம் நடைமுறை சார்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஜெனரல்களின் கீழ் பிரித்தானிய பீல்ட் மார்ஷல்கள் பணிபுரிய வேண்டி வந்தது. 4 நட்சத்திரக்காரர் 5 நட்சத்திரக்காரருக்குக் கட்டளை இடுவது சங்கடம். 1944 டிசெம்பரில் ஏழு பேரை உயர்த்தினார்கள். அவர்களுடைய திகதிகளை ஊன்றிப் பாருங்கள்: லேகி 15, ஜோர்ஜ் மார்ஷல் (இது ஆளின் பெயர், தரம் அல்ல) 16, கிங் 17, மக்ஆதர் 18, நிமிட்ஸ் 19, ஐசனோவர் 20, ஆர்னல்ட் 21. ஒரே நாளில் கொடுத்திருந்தால் யார் மூத்தவர் என்ற வழக்கு வரும். ஒரு நாள் இடைவெளி விட்டு, முதல் ஆறையும் கடற்படைக்கு ஒன்று தரைப்படைக்கு ஒன்று என்று மாறி மாறிக் கொடுத்தபடியால் தரம் சமமாக இருந்தும் மூப்பு தெளிவாகிவிட்டது. எந்தப் படையிலும் இதுவே விதி: தரம் ஒன்றானால் திகதி பேசும். பிறகு 1945இல் ஹால்சியும் 1950இல் பிராட்லியும் சேர்ந்து ஒன்பது பேர். பிராட்லி 1981இல் இறந்தபின் அந்தப் படியில் உயிரோடு எவரும் இல்லை. லெப்டினன்ட் ஜெனரலாக இறந்த ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு மேல் எவரும் நிற்கக் கூடாது என்று 1976இல் சட்டம் போட்டு, இறந்து ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின் அவரை எல்லாருக்கும் மேலே ஏற்றினார்கள்.

இந்தியாவில் இதுவரை மூவர். சாம் மானெக்‌ஷா 1973 ஜனவரியில், 1971 போரின் வெற்றிக்குப் பிறகு. கரியப்பா 1986இல், ஓய்வுபெற்று 30 ஆண்டுகளுக்கு மேலான பின். விமானப்படையில் அர்ஜன் சிங் 2002இல். கடற்படையில் ஒருவரும் இல்லை. மானெக்‌ஷா நீலகிரியில் வெலிங்டனில் வாழ்ந்து 2008இல் அங்கேயே காலமானார். ஓய்வில்லாத தரம் என்றால் முழுச் சம்பளம் வரவேண்டும், அவருக்கு வரவில்லை. பல பத்தாண்டு நிலுவை, இறப்பதற்கு முந்திய ஆண்டில்தான் கொடுக்கப்பட்டது. பெயர் சூட்டுவது ஒரு நாளில் முடியும், அதற்குரிய சம்பள விதியை எழுத அலுவலகம் எத்தனை ஆண்டு எடுத்தது என்பதற்கு இது சாட்சி.

பாகிஸ்தானில் ஆயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றிய அடுத்த ஆண்டில், 1959இல், பீல்ட் மார்ஷல் ஆனார். அடுத்தவர் ஆசிம் முனீர், 2025 மே மாதம்.

இலங்கையில் சரத் பொன்சேகாவின் கதையைத் திகதி வாரியாக வைத்தால்தான் தரம் யாருடைய கையில் இருக்கிறது என்பது தெரியும். 2009 மே மாதம், இராணுவத் தளபதியாக இருக்கும்போதே, ஜெனரல். 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டார். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் முதலிடம் அவருக்கே, நாட்டில் தோல்வி. பெப்ரவரியில் கைது. ஓகஸ்டில் இராணுவ நீதிமன்றம் தரத்தையும் பதக்கங்களையும் பறித்தது. 2012 மே மாதம் விடுதலை. 2015 ஜனவரியில் புதிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மன்னிப்பு வழங்கினார், ஜெனரல் தரம் திரும்பி வந்தது. அதே ஆண்டு மார்ச் 22இல் பீல்ட் மார்ஷல். இந்த ஆறு ஆண்டுகளில் போர்க்களத்தில் அவர் புதிதாகச் செய்தது ஒன்றுமில்லை. மாறியது ஆட்சி. தரம் படைத்தளபதிகளின் தலைவரான ஜனாதிபதியின் கையிலிருந்து வருகிறது. கொடுக்கும் கை மாறினால் தோள் மாறும்.

2019 செப்டெம்பர் 19இல் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட அட்மிரல் ஒஃப் த ஃப்ளீட் ஆகவும், முன்னாள் விமானப்படைத் தளபதி ரொஷான் குணதிலக்க மார்ஷல் ஒஃப் த எயார் ஃபோஸ் ஆகவும் உயர்த்தப்பட்டார்கள். மூன்று படைக்கும் ஒவ்வொருவர், மூவரும் 2009இல் தளபதியாக இருந்தவர்கள்.

வன்னி வாசகருக்கு இது வெறும் பொது அறிவு அல்ல என்பதால் இதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்: உயர்ந்த தரம் பொறுப்புக்கூறலிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை. இறுதிப்போரில் பாரதூரமான மனித உரிமை மீறல்களில் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 2020 பெப்ரவரியில் சவேந்திர சில்வா அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் பிரித்தானியா சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகியோர்மீதும் கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன்மீதும் தடை விதித்தது. இலங்கை அரசுகள் இத்தகைய குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. உயர்தரக் கட்டளைக்கு ஒரு சட்டப் பொருளும் இருக்கிறது: கீழே நிற்பவர் செய்ததை அறிந்தும் தடுக்காதவர், அறிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர், இருவரும் சர்வதேசச் சட்டத்தில் கேள்விக்குட்படுவார்கள்.

ஆட்சியாளர்கள் இந்தத் தரத்தை வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1943 ஜனவரி 30இல் ஸ்டாலின்கிராட்டில் சுற்றிவளைக்கப்பட்டிருந்த பவுலஸை ஹிட்லர் பீல்ட் மார்ஷல் ஆக்கினார். ஜெர்மன் பீல்ட் மார்ஷல் எவரும் அதுவரை உயிரோடு சரணடைந்ததில்லை. தற்கொலை செய் என்பதுதான் அந்தப் பதவி உயர்வின் செய்தி. பவுலஸ் மறுநாள் சரணடைந்தார். சோவியத் ஒன்றியம் 1935இல் முதன்முதலாக ஐவரை மார்ஷல் ஆக்கியது. 1939க்குள் துகாசெவ்ஸ்கி, யெகோரோவ், புளூக்கர் என்ற மூவர் ஸ்டாலினின் களையெடுப்பில் உயிரிழந்தார்கள். சீனா 1955இல் பத்து மார்ஷல்களை அறிவித்து, 1965இல் தர முறையையே தூக்கிவிட்டது. உகண்டாவின் இடி அமீன் தன்னைத் தானே பீல்ட் மார்ஷல் ஆக்கிக்கொண்டார்.

மேலே ஏறிய தமிழர்

இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபர் 10இல் தொடங்கியது. முதல் இரண்டு தளபதிகளும் பிரித்தானியர். மூன்றாமவர், இலங்கையர்களில் முதல்வர், அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். 1955 பெப்ரவரியில் பொறுப்பெடுத்து 1959 முடிவு வரை இருந்தார். சட்டம் படித்தவர். பிரிகேடியராக வந்து மேஜர் ஜெனரலாகப் போனார். இன்று லெப்டினன்ட் ஜெனரல் இருக்கும் நாற்காலியில் அன்று 2 நட்சத்திரம்தான் இருந்தது, ஏனென்றால் படை அவ்வளவு சிறியது. ஆகவே ‘அவர் மேஜர் ஜெனரல்தானே’ என்று இன்றைய கணக்கில் அவரை எடைபோடக் கூடாது. அவர் காலத்தில் அதற்கு மேலே எவரும் இல்லை. கடற்படையில் 1960 முதல் 1970 வரை பத்தாண்டு தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமரும் அப்படியே, ரியர் அட்மிரல். வெளிவிவகார அமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணன். முத்துக்குமாருவுக்குப் பின் இராணுவத் தளபதியின் நாற்காலியில் தமிழர் எவரும் அமரவில்லை. கடற்படையில் 2017இல் ட்ராவிஸ் சின்னையா ஏறத்தாழ இரண்டு மாதம் தளபதியாக இருந்தார். இந்தியாவில் 4 நட்சத்திரம் வரை சென்று தரைப்படைத் தளபதிகளான தமிழரில் 1966 முதல் 1969 வரை இருந்த குமாரமங்கலமும் 1986இல் பொறுப்பேற்ற சுந்தர்ஜியும் உண்டு.

இறந்தபின் தரம் உயர்த்தும் வழக்கம் இரண்டு பக்கத்திலும் இருந்தது. 1992 ஓகஸ்ட் 8இல் ஊர்காவற்றுறைப் பக்கம் அராலி முனையில் கண்ணிவெடியில் இறந்த மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ, இறந்தபின் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். விடுதலைப் புலிகளும் இதே பெயர்களைக் கையாண்டார்கள். ஆனால் பெரும்பாலும் தரம் இறப்புக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது. 1993இல் இறந்த கிட்டு கேணல். 2007இல் இறந்த தமிழ்ச்செல்வனும் 2008 மே மாதம் இறந்த பால்ராஜும் பிரிகேடியர். பழைய செய்தி வாசிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்: அந்தத் தரம் அவர் உயிரோடு இருந்தபோது வகித்த பொறுப்பின் பெயர் அல்ல. பொறுப்பைச் சொன்னது சிறப்புத் தளபதி, அரசியல்துறைப் பொறுப்பாளர் போன்ற வேறு பெயர்கள்.

செய்தியையும் கடிதத்தையும் கையாளும்போது

ஒரு பெயரின் முன்னால் தரம் வந்தால் மூன்று கேள்வி போதும். இப்போது சேவையில் இருக்கிறாரா, ஓய்வா? எந்தப் பதவியில் இருக்கிறார்? இந்தத் தரம் எப்போது, எதற்காகக் கிடைத்தது? இலங்கையில் ஓய்வுபெறும் தறுவாயில் ஒரு படி உயர்த்தி அனுப்பும் வழக்கம் உண்டு. ஆகவே ஓய்வுபெற்றவரின் தரம், அவர் களத்தில் வகித்த தரத்தைவிட ஒன்று கூடியிருக்கலாம். சம்பவம் நடந்த காலத்துத் தரத்தையும் இன்றைய தரத்தையும் குழப்பி எழுதும் கட்டுரைகள் நிறைய. 2009இல் சவேந்திர சில்வாவை ஜெனரல் என்று எழுதினால் தவறு.

ஓய்வுபெற்றவர் சிவில் பதவிக்கு வந்தாலும் தரம் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். 2009 முதல் 2015 ஜனவரி வரை வட மாகாண ஆளுநராக இருந்த சந்திரசிறி மேஜர் ஜெனரல் என்றே அழைக்கப்பட்டார். ஆளுநர் என்ற வகையில் அவரிடம் இருந்த அதிகாரம் அரசியலமைப்பு கொடுத்தது. தரம் கொடுத்தது அல்ல. அத்தகைய ஒருவரிடம் மனுக் கொடுப்பவர், படைமுகாம் பற்றிய முடிவு அவருடைய மேசையில் இல்லை என்பதை முதலே தெரிந்திருப்பது நல்லது.

கேப்பாப்புலவு போன்று படையினர் வசம் இருந்த, இருக்கும் காணிகள் பற்றி எழுதும்போது அதிகாரியின் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பெயருக்குப் போன கடிதம் அவர் மாற்றலாகிப் போன இடத்துக்குத் திருப்பப்படலாம், அல்லது ‘அவர் இங்கு இல்லை’ என்று கிடப்பில் போகலாம். ‘கட்டளைத் தளபதி’ என்று பதவியை எழுதி, கீழே படைப்பிரிவின் இலக்கத்தையும் தலைமையகத்தின் இடத்தையும் எழுதினால், நாற்காலியில் யார் இருந்தாலும் பதிவேட்டில் ஏறும். முகாமில் நிற்கும் மேஜரோ கேணலோ கடிதத்தை வாங்கலாம். காணியை விடும் முடிவை அவர் எடுக்க முடியாது, மேலே அனுப்பத்தான் முடியும். ஆதலால் அதே கடிதத்தின் பிரதியைப் பாதுகாப்புப் படைத் தலைமையகத்துக்கும் மாவட்டச் செயலாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். வவுனியாவில் இயங்கும் மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கும் ஒன்று. யார் யாருக்குப் பிரதி என்பதைக் கடிதத்தின் அடியில் எழுதவேண்டும், அப்போதுதான் பெற்றவருக்கு மற்றவர்களும் அறிவார்கள் என்பது தெரியும். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியை ஒருபோதும் இணைக்காதீர்கள், நிழற்பிரதி போதும். பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். கையில் கொடுத்தால், வாங்கியவரின் கையொப்பம், தரம், சேவை இலக்கம், திகதி நான்கையும் உங்கள் பிரதியில் எழுதி வாங்குங்கள்.